அஞ்செட்டி டவரில் லித்தியம் பேட்டரி: மூன்று வருட அனுபவம்

அஞ்செட்டிப் பக்கம் ஒரு செல்போன் டவரைப் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் ஐந்தாறு மணி நேரம் வராது. இருட்டின பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து டீசல் கேனோடு கிளம்பினால் காட்டு ரோட்டில் யானை நிற்கும். அதனால் பேட்டரி விடியும்வரை தாங்கியாக வேண்டும்.

முன்பு இருந்தது லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி. 2 வோல்ட் செல்கள் 24, கொள்ளளவு 600 ஏஹெச் (ஆம்பியர்-மணி). புதிதில் ராத்திரி முழுக்கத் தாங்கியது. ஆனால் லெட்டுக்கு 25 டிகிரிதான் தோது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் அந்தப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. போதாக்குறைக்கு, கரண்ட் விட்டு விட்டு வருவதால் லெட் முழுசாக நிறையவே நிறையாது. அரைகுறையாகக் கிடந்து தகட்டில் சல்பேட் படியும், கொள்ளளவு குறையும். மூன்றாவது கோடையில் 11ஆம் செல் பக்கவாட்டில் உப்பிவிட்டது. மற்றவை 1.97 வோல்ட் காட்டும்போது அது மட்டும் 1.7. கொஞ்ச நாளில் பக்கத்துச் செல்களும் அதே வழியில் போயின. பேக்கப் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

அப்போது ஒருநாள் காலையில் டீக்கடைக்காரர் சொன்னார்: “நேத்து ராத்திரி 108க்குப் போன் போகல தம்பி. மருமகளை டெம்போவுலதான் கூட்டிட்டுப் போனோம்.” இன்னும் அது மனசை விட்டுப் போகவில்லை.

பிறகு வந்தது லித்தியம் பாஸ்பேட், 100 ஏஹெச் மாட்யூல் மூன்று. பாதி ஏஹெச்தானே என்று பயந்தேன். 30 ஆம்பியர் லோடில் இன்றும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. முக்கியமாக, நான்கு மணி நேரம் கரண்ட் இருந்தால் போதும், நிறைந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். லெட்டில் வோல்ட் படிப்படியாக இறங்கும். மீட்டரைப் பார்த்தே நேரம் சொல்லிவிடலாம். லித்தியம் கடைசிவரை பெரிதாக இறங்காது. முதல் மழைக்காலத்தில் 47.5 வோல்ட் காட்டியது. லெட் கணக்கில் பாதி இருக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) கட் செய்து டவர் நின்றுவிட்டது. இப்போது வோல்ட்டை நம்புவதில்லை, பிஎம்எஸ் காட்டும் சதவீதத்தைத்தான் பார்க்கிறேன். 30க்கு வந்தால் டீசலுக்குச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று: மூன்று மாட்யூலும் லோடைச் சமமாகப் பகிர்கின்றனவா என்று பார்க்க, மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாட்யூல் வயரிலும் க்ளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) போடுங்கள். போன ஆடியில் ஒன்று 14 ஆம்பியர், மற்ற இரண்டும் 8, 8 காட்டின. பார்த்தால் 8 காட்டிய அந்த இரண்டிலும் வயர் முனையை (லக்) இறுக்கும் போல்ட் தளர்ந்து, அதன் மேலுள்ள ஸ்லீவ் உறை பழுப்பேறியிருந்தது. கழற்றித் தேய்த்து முறுக்கியதும் மூன்றும் பத்துக்கு வந்தன.