ஊர்க்கடை விளம்பரக் காசு யாருக்குப் போக வேண்டும்?

ஃபுஸ்ல் என்பது ஆஸ்திரியத் துணிக்கடை நிறுவனம். அதற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலும் கடைகள் உண்டு. 2018இல் ப்ரோசீபன் என்ற ஜெர்மானியத் தனியார் டிவி சேனலில் தன் விளம்பரம் பவேரியாவில் மட்டும், வோடஃபோன் கேபிள் வழியாக வர வேண்டும் என்று அது ஒப்பந்தம் போட்டது. சேனலுக்கு விளம்பரம் பிடிக்கும் நிறுவனம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் முடியாது என்றது. நாடு முழுக்க ஒளிபரப்பாகும் சேனல் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தனி விளம்பரம் காட்டக் கூடாது என்று ஜெர்மனியில் சட்டம் இருப்பதுதான் காரணம்.

சட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூர் வானொலி, சின்ன டிவி எல்லாம் ஊர்க்கடைக்காரர் தரும் காசில்தான் ஓடுகின்றன. பெரிய சேனல் அந்தக் காசையும் வாரிக்கொண்டால், நகராட்சிக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்ப யாரிடமும் பணம் இருக்காது. 2014 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இத்தகைய வட்டார விளம்பரத்தைக் காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. உடனே மாநிலங்கள் ஒன்றுகூடி, தங்களுக்கு இடையிலான ஒளிபரப்பு ஒப்பந்தத்தைத் திருத்தி, 2016 முதல் தடையைச் சட்டமாகவே எழுதிவிட்டன.

பொது ஒளிபரப்பான ஏஆர்டிக்கு வேறு கட்டுப்பாடு. வேலை நாளில் சராசரியாக 20 நிமிடம்தான் விளம்பரம். இரவு 8 மணிக்குப் பிறகு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஆனால் ஏஆர்டி என்பதே வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பு என்பதால், முன்மாலை நேரத்தை அது வட்டாரவாரியாக விற்க முடியும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று 2021இல் உயர்த்தப்பட்ட ஒளிபரப்புக் கட்டணத்தில் பங்கு பெறும் அமைப்புக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது, கட்டணத்தில் ஒரு சென்ட்கூடப் பெறாத தனியாருக்கு மூடியிருக்கிறது. இது நியாயமாகப் படவில்லை.

ஃபுஸ்ல் வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வட்டார ஊடகங்களைக் காப்பது ஏற்கத்தக்க நோக்கம் என்றது. கூடவே ஒரு கேள்வியையும் ஜெர்மானிய நீதிமன்றத்திடம் விட்டது: இணையத்தில் ஊர்வாரியாக விளம்பரம் போடத் தடை இல்லாதபோது, டிவிக்கு மட்டும் தடை என்பது பாரபட்சம் ஆகாதா? எனக்குப் பட்டவரை இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். பவேரியா விளம்பரத்தை ப்ரோசீபன் வாங்காவிட்டால் அந்தக் காசு பவேரியாவின் பத்திரிகைக்குப் போகும் என்று எந்த உறுதியும் இல்லை. தேடுபொறிக்கோ சமூக வலைத்தளத்துக்கோ போகலாம்.

பிரான்ஸ் நேரத்தை வைத்துக் கோடு கிழித்தது. 2009 ஜனவரி முதல் பொது ஒளிபரப்பான பிரான்ஸ் டெலிவிசியோன் சேனல்களில் இரவு 8 முதல் காலை 6 வரை விளம்பரம் இல்லை. அதன் வட்டார, உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு. பகலிலும் விளம்பரத்தை எடுத்துவிடுவதாகச் சொன்ன திட்டம் தள்ளிப்போய்க் கடைசியில் கைவிடப்பட்டது. 2020இல் வட்டாரவாரியான விளம்பரத்தை அனுமதித்தபோது போட்ட நிபந்தனை எனக்குப் பிடித்தது. விளம்பரத்தை ஒரு ஊருக்கு மட்டும் காட்டலாம், ஆனால் கடையின் உள்ளூர் முகவரியைச் சொல்லக் கூடாது. பெரிய நிறுவனம் தன் சரக்கை ஒரு ஊருக்கு ஏற்றபடி விளம்பரம் செய்ய வழி கிடைக்கிறது, தெருமுனைக் கடையின் விளம்பரம் உள்ளூர் ஊடகத்துக்கே மிஞ்சுகிறது. முழுத் தடையைவிட இது கூர்மையான விதி.

ஸ்பெயின் ஒரே அடியாக 2010 ஜனவரியில் தன் பொது ஒளிபரப்பான ஆர்டிவிஇ-யில் விளம்பரத்தையே நிறுத்திவிட்டது. ஈடாக இலவசத் தனியார் சேனல்களின் வருமானத்தில் 3 சதவீதமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் 0.9 சதவீதமும் வசூலித்தார்கள். களம் காலியானதும் நாடு தழுவிய தனியார் சேனல்கள் ஒன்றோடொன்று இணைந்தன: டெலிசிங்கோ குவாத்ரோவுடன், ஆன்டெனா 3 லாசெக்ஸ்டாவுடன். சின்ன ஊர் டிவிக்கென்று இதில் எதுவும் ஒதுக்கவில்லை. கட்டலோனியாவின் டிவி3 போன்ற மாநிலப் பொதுச் சேனல்கள் விளம்பரம் வாங்குவதும் நிற்கவில்லை. ஆகவே உள்ளூர்ப் போட்டியை ஒழுங்குபடுத்தும் வழியாக இதை நான் ஏற்க மாட்டேன்.

பொதுச் சேனல் ஒதுங்கினாலே போதும் என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். பிபிசி தன் நாட்டில் விளம்பரமே போடுவதில்லை. அப்படியும் 2014இல் தொடங்கிய லண்டன் லைவ் என்ற உள்ளூர் சேனல், அத்தனை பெரிய நகரத்தை வைத்துக்கொண்டே, 2025 ஜனவரியில் மூடப்பட்டது.

சுவிட்சர்லாந்து காசைப் பற்றியும் யோசித்தது. பொது ஒளிபரப்பான எஸ்ஆர்ஜி டிவியில் விளம்பரம் போடலாம், வானொலியிலும் இணையத்திலும் கூடாது. அதோடு, மக்கள் கட்டும் ஒளிபரப்புக் கட்டணத்தில் 4 முதல் 6 சதவீதம் தனியார் உள்ளூர் வானொலிக்கும் டிவிக்கும் போகிறது. உள்ளூர்ச் செய்தி தர வேண்டும் என்ற கடமையோடு உரிமம் பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பங்கு. பொது ஒளிபரப்புக்குச் சலுகையா தனியாருக்குச் சலுகையா என்ற சண்டையைத் தாண்டி, செய்தி சேகரிப்பவருக்கே பணம் போகிறது. நான் பார்த்ததில் இதுதான் சரியான வழி.

ஜெர்மனியில் இதைச் செய்வது அவ்வளவு கடினமில்லை. தடையை நீக்கிவிட்டு, பவேரியாவுக்கு மட்டும் காட்டும் ஒவ்வொரு விளம்பரத்தின் வருமானத்திலும் ஒரு பங்கை பவேரியாவின் உள்ளூர் நிலையங்களுக்கு ஒதுக்கச் சொல்லலாம். ப்ரோசீபனுக்கு எந்த விதியோ, ஏஆர்டியின் முன்மாலை நேரத்துக்கும் அதே விதி.