வீட்டுக் கடனில் சலுகை கேட்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், பேங்குக்குப் போகும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் வங்கியின் பெயரை எழுதவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், என் கணவர் வேலை பார்க்கும் ஏற்றுமதி கம்பெனியில் முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் சம்பளமே பாதியானது. தவணை 25,600 ரூபாய். இரண்டு மாதம் பணமில்லாமல் திரும்பிவிட்டது. போன் வரும்போதெல்லாம் பதுங்குவதைவிட நேரிலேயே பேசிவிடலாம் என்று போனோம்.

கடன் பிரிவில் இருந்த தம்பி தண்ணீரெல்லாம் கொடுத்து உட்கார வைத்தார். “உங்களுக்குன்னே ஒரு ரிலீஃப் ஸ்கீம் இருக்குதுங்கக்கா. பாக்கி ரெண்டு டியூவும் கிளியர் ஆயிரும், அடுத்த ரெண்டு மாசம் நீங்க கட்டவே வேண்டாம்” என்றார். கூடவே, “மூணாவதையும் விட்டுட்டீங்கன்னா என்.பி.ஏ. ஆயிரும், வீட்டுல நோட்டீஸ் ஒட்டிருவாங்க.” என்.பி.ஏ. என்றால் வங்கி நம் கடனை வாராக்கடன் என்று எழுதிவைப்பது. டேப்லெட்டில் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஓடியது. அவரே விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போய், “ஓ.டி.பி. சொல்லுங்கக்கா” என்றார்.

அந்த ரிலீஃப் என்னவென்று மெயில் வந்தபோதுதான் தெரிந்தது. ஒன்றரை லட்சத்துக்கு டாப்-அப் லோன், அதாவது வீட்டுக் கடனுக்கு மேலே இன்னொரு கடன், ஐந்து வருடம், பதினொன்றரை சதவீத வட்டி. அதில் 36,000 ரூபாயை ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் என்றும், 5,900 ரூபாயை பிராசசிங் ஃபீஸ் என்றும் முதலிலேயே பிடித்துக்கொண்டு, மிச்சத்தை எங்கள் பழைய தவணைகளுக்கே வரவு வைத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் என்ற சொல்லை அந்தத் தம்பி ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. 25,600 கட்ட முடியாது என்று போனவர்களுக்கு, இரண்டு மாதம் கழித்து 28,900 கட்டச் சொல்லி வழி செய்து கொடுத்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் சுலபமான வழி ஒன்று அவர் மேசையிலேயே இருந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 6.5-லிருந்து 5.5 சதவீதமாக இறங்கியது. எங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது, அதனால் வட்டி 8.25-க்கு வந்திருந்தது. ஆனால் வட்டி குறைந்தால் பல வங்கிகள் தவணையைத் தொடாமல் மாதங்களைத்தான் குறைக்கும். நாமாக எழுதிக் கேட்டால்தான் தவணை இறங்கும். எங்கள் பாக்கி 25 லட்சம் சொச்சம். பழைய முடிவுத் தேதியையே வைத்தால் தவணை சுமார் 24,000, ஐந்து வருடம் கூட்டினால் 21,200. கூட்டினால் மொத்தத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் அதிகம் போகும், அது உண்மை. ஆனால் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை, நிலைமை தேறியதும் அடைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்வதில் அவருக்கு என்ன டார்கெட் கிடைக்கும், சொல்லுங்கள்.

அந்த நோட்டீஸ் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் என்.பி.ஏ. ஆவது நிஜம், சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் அடிபடும். ஆனால் மறுநாள் காலையில் யாரும் வீட்டுக்குப் பூட்டுப் போட முடியாது. அடமான வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நாம் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் இருக்கிறது. இன்னொரு குழப்பம்: 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைத் தளர்வு ஏற்றுமதி நிறுவனங்களின் கடனுக்கு. அங்கே வேலை பார்ப்பவரின் வீட்டுக் கடனுக்கு இல்லை.

இனி அந்த இன்ஷூரன்ஸ் விஷயம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். மெயில் வந்த தேதியைக் குறித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதினோம். முத்திரைக் கட்டணம் போன்ற சில்லறைகள் போக பிரீமியம் திரும்பி வந்தது.

தவணையைக் குறைக்கச் சொல்லியும் டாப்-அப் பற்றி விளக்கம் கேட்டும் வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலில் சீல் கேட்டபோது, “அதெல்லாம் தேவையில்லைங்க” என்றார்கள். சீல் வைக்கும்வரை நாங்கள் நகரவில்லை. முக்கியமாக ஒன்றைக் கேட்டிருந்தோம்: கடன் தரும் முன் வட்டி, காப்பீடு, கட்டணம் எல்லாம் சேர்த்து, வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைப் பார்த்து முடிவெடுக்க குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. எங்களுக்கு எங்கே அது? அந்தக் கடிதத்துக்கு அப்புறம் தவணையை 21,200 ஆக்கிவிட்டார்கள். டாப்-அப் பற்றி மட்டும், “வாடிக்கையாளரின் சம்மதத்துடன் வழங்கப்பட்டது” என்று ஒரே வரியில் பதில்.

அந்தப் பதிலை இணைத்து வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. வங்கிக்கு முதலில் எழுதி, 30 நாளில் பதில் வராமலோ, வந்த பதில் திருப்தியில்லாமலோ இருந்தால் போகலாம். பிராசசிங் ஃபீஸும் டாப்-அப் வட்டியும் இன்னும் அந்தப் புகாரில் இருக்கின்றன. முடிவு வந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி ‘ரிலீஃப்’ வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பாலிசி வந்த தேதியை இன்றைக்கே தேடிப் பாருங்கள்.