லேகியமா, அளந்த சொட்டா?
முல்லைத்தீவில் கால் இழந்த மாமா ஒருவர், இல்லாத பாதம் எரிகிறது என்று இரவு முழுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இருப்பார். கஞ்சா அவருக்கு மருந்தாக வர இரண்டு வழி. ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: இலங்கையின் 1961 ஆயுர்வேதச் சட்டத்தின்படி வைத்தியர்கள் அதை மருந்துக்குப் பெறலாம். பழகிய கை, பழகிய லேகியம்தான்; ஆனால் ஒரு உருண்டையில் எவ்வளவு வீரியம் என்று யாருக்குத் தெரியும்? மற்றது, டொக்டர் துண்டு எழுதி மில்லிகிராம் கணக்கில் தருவது. அமெரிக்கா 2018இல் கடும் வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற கஞ்சாச் செடி மருந்தை இப்படித்தான் அனுமதித்தது. மாமாவுடையது போன்ற நரம்பு வலிக்குக் கஞ்சா உதவும் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு திடமில்லை, சரி. என்றாலும் மாமாவுக்கு நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். விலை? அது வேறு தலையிடி.