வேலை வேனின் பெட்டிக்கு எது சரி: வட்டப் பூட்டா, டிஸ்க் கேம் லாக்கா?

ஏர்கான் சர்வீஸ், குழாய் வேலை, மின்வேலை, ரெனோவேஷன் என எதுவானாலும், சிங்கப்பூரில் சிறு குத்தகைக்காரர் போட்ட முதலீட்டில் பாதி வண்டிக்குள்தான் கிடக்கிறது. வேக்குவம் பம்ப், கோர் டிரில், பேட்டரிக் கருவிகள், செம்புக் குழாய்ச் சுருள் எல்லாம் இரவு முழுக்க வீவக கார்நிறுத்துமிடத்தில், மெல்லிய தகரக் கதவு ஒன்றுக்குப் பின்னால் இருக்கின்றன. குற்றம் குறைவு என்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது எனப் போலீஸ் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. இருந்தும், பெட்டியோடு வந்த பூட்டை யாரும் எளிதில் மாற்றுவதில்லை.

அந்தப் பூட்டை ஒருமுறை கழற்றிப் பார்த்தால் மாற்ற மனம் வந்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த உடல், உள்ளே நான்கைந்து பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடி அளவு ஸ்பிரிங். அவ்வளவுதான். முகப்பில் ஓர் எண் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதுவே சாவியின் எண். அதைப் படித்துக்கொண்டு போகிறவர் இணையத்தில் அதே சாவியை வாங்கிவிடலாம். அமெரிக்காவில் கேம்பர் வண்டிகளின் பக்க அறைகளில் பெரும்பாலானவை சிஎச்751 என்ற ஒரே சாவியில் திறப்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. நம் வேன்களுக்கு வரும் அலுமினியக் கருவிப் பெட்டிகளிலும் அதே வகைப் பூட்டுதான். சோதிப்பது எளிது: நண்பரின் பெட்டிச் சாவியை உங்கள் பெட்டியில் போட்டு, லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பிப் பாருங்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கருவிகளுக்கெனத் தனியாக எடுக்கும் திருட்டுக் காப்புறுதிகள் பல, வலுவாக உடைத்து நுழைந்த அடையாளத்தைக் கேட்கும். சாவியால் திறந்த பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. உங்கள் பாலிசியில் இந்த வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

மாற்று என்று போனால், சாதாரணத் தொங்கு பூட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 6 மில்லிமீட்டர் வளையத்தைக் கையடக்க போல்ட் கட்டர் ஒரே அழுத்தில் நறுக்கிவிடும். குழல் வடிவச் சாவி போடும் வட்டத்துளைப் பூட்டையும் தள்ளிவைக்கலாம். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டுகளைப் பிளாஸ்டிக் பேனாவின் உடலை வைத்தே திறந்துகாட்டினார்கள், நிறுவனம் பூட்டுகளை மாற்றித்தர வேண்டியதாயிற்று. எல்லாக் குழல் பூட்டும் அவ்வளவு மோசம் இல்லை என்றாலும், பணம் போட்டு மாற்றும்போது அந்த வகையிலேயே ஏன் நிற்க வேண்டும்?

மிஞ்சுபவை இரண்டு: வளையம் பின்னால் மறைந்திருக்கும் 73 மில்லிமீட்டர் வட்டப் பூட்டு, அல்லது பெட்டியின் பழைய துளையிலேயே உட்காரும் டிஸ்க் வகைக் கேம் லாக் (சாவியைத் திருப்பினால் பின்னால் ஒரு நாக்கு திரும்பிக் கதவைப் பிடிக்கும் பூட்டு). பக்கப் பெட்டிகளுக்கு என் தேர்வு இரண்டாவது. முதலாவதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வட்டப் பூட்டில் வெட்டுவதற்கு வளையம் வெளியே தெரியாது. நாதாங்கியோடு சேர்த்து மூடினால் போல்ட் கட்டரின் வாய் எங்கும் பிடிக்காது. தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்பதும் ஒரு காவல். இரண்டு கதவுகள் பக்கவாட்டில் திறக்கும் 10 அடி, 14 அடிப் பெட்டி லாரிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நாதாங்கியைப் பொருத்துவதில்தான் வேலை இருக்கிறது. வெளியே தலை வழுவழுப்பான எம்8 கேரியேஜ் போல்ட், உள்ளே குறைந்தது 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, லாக் நட். உள்தகடு இல்லாமல் வெறும் வாஷரோடு இறுக்கினால், கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பியதும் போல்ட் கதவுத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்புக்கும் துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவும். அலுமினியக் கதவில் ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் நைலான் வாஷர் கட்டாயம். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். டொயோட்டா ஹைஏஸ் போல மேல்நோக்கித் தூக்கும் பின்கதவுக்கு இது ஒத்தே வராது, கீழே பம்பர் பிளாஸ்டிக்கில் எதைப் பற்றி இறுக்குவது?

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறத்தாழ 170 மழை நாள்கள், ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும். அதோடு சிமெண்ட் தூசு, ஏர்கான் கழுவும் ரசாயனம், வண்டிச் சக்கரம் வாரி இறைக்கும் மண். ஸ்பிரிங் உள்ள எந்தப் பூட்டும் இதில் இறுகத் தொடங்கும். இறுகிய பூட்டால் வரும் கேடு வேறு: பூட்டுவதையே ஆட்கள் விட்டுவிடுவார்கள். ஒரு நாளில் இருபது தடவை பெட்டியைத் திறந்து மூடும் தம்பி, சாவி சிக்கினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. வட்டப் பூட்டிலும் அதே கதைதான். சாவித்துளை அடிப்பக்கம் இருப்பதால் மழையில் தடவித் தேட வேண்டும், திறந்ததும் பூட்டு தனியாகக் கையோடு வந்துவிடும், தரையில் வைத்தால் மணலை அள்ளிக்கொள்ளும். அன்றாடம் இருபது தடவை திறக்கும் பெட்டிக்கு ஆகாது, இரவில் ஒரே தடவை பூட்டும் பின்கதவுக்கு ஆகும்.

டிஸ்க் பூட்டு இந்த இடத்தில்தான் வெல்கிறது. 1907இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் வடிவமைத்த முறை இது, அப்ளாய் என்ற பெயரில் உலகெங்கும் போனது. சாவியை உள்ளே விட்டுத் திருப்பும்போது வட்டத் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்கான கோணத்துக்குத் திரும்பும். அவற்றின் வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தால்தான் பக்கத்தில் இருக்கும் கம்பி உள்ளே இறங்கிப் பூட்டை விடுவிக்கும். தகடுகளைத் தள்ள ஸ்பிரிங் கிடையாது. துருப்பிடித்து ஒடிய எதுவும் இல்லை, தூசு புகுந்தாலும் தகடு சுழலும்போது நகர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஃப்லான் கலந்த மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுச் சாவியை நாலைந்து தடவை திருப்பினால் போதும். கிரீஸ் மட்டும் வேண்டாம், அது சிமெண்ட் தூசோடு சேர்ந்து பசையாகிவிடும். இதே வடிவில் மலிவாக வரும் போலிகளும் உண்டு. அவற்றில் உடல் துத்தநாக வார்ப்பு, தகடுகள் மெல்லியவை, சில மாதத்தில் சாவி ஆடத் தொடங்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், சாவியோடு எண் அட்டை வர வேண்டும்.

ஒரே சாவி எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும்படி கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்களின் சாவிகளை அட்டை இல்லாமல் புளோக்கின் கீழே சாவி வெட்டும் கடையில் நகலெடுக்க முடியாது. வேலையை விட்டுப் போனவரிடம் நகல் இருக்குமோ என்ற கவலை பெருமளவு குறையும். ஆனால் ஒரு சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு வரும். சாவியை இடுப்புச் சங்கிலியில் மாட்டச் சொல்வது அதனால்தான்.

வாங்கும் முன் அளவெடுங்கள். வழக்கமான துளை 19 மில்லிமீட்டர், இரண்டு பக்கம் தட்டையாக 16 மில்லிமீட்டர். பூட்டு உடலின் நீளம், நாக்கின் நீளம், நாக்கு எவ்வளவு வளைந்திருக்கிறது, 90 பாகையா 180 பாகையா திரும்புகிறது என நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நாக்கு 3 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே கதவு கடகடக்கும், நாளடைவில் நாக்கு வளையும். துளை பொருந்தவில்லை என்று அரத்தால் வட்டமாக ராவிவிடாதீர்கள். தட்டைப் பக்கம் போனால் திருப்புளியைச் செருகித் திருகியதும் பூட்டு முழுதாகச் சுழன்றுவிடும். பின்னால் 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு, முகப்பின் அடியில் ரப்பர் வாஷர், நாக்கின் போல்ட்டில் கழற்றக்கூடிய நீல நிற திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை). ஒரு மாதம் கழித்து நட்டை மறுபடி பாருங்கள், டீசல் அதிர்வு எதையும் தளர்த்தும்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பூட்டு எவ்வளவு நல்லதானாலும் கதவு மெல்லியது. கள்ளன் பூட்டைத் தொடாமல் மூலையை நெம்புவான். 600 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான கதவுக்கு ஒரு பூட்டு போதாது, இரண்டு போடுங்கள். கதவின் இடுக்கை மறைத்து 25 மில்லிமீட்டர் எல் வடிவக் கோணத்தை 4.8 மில்லிமீட்டர் எஃகு ரிவெட்டால் அடியுங்கள், அலுமினிய ரிவெட் உளிக்கு நிற்காது. கீல் வெளியே தெரிந்தால் அதன் ஊசி முனையைத் தட்டி விரித்துவிடுங்கள். நெம்புவதற்கு எதிராக மட்டும் பார்த்தால், ஒழுங்காகப் பொருத்திய நாதாங்கியும் வட்டப் பூட்டும் ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ரிமோட்டில் திறக்கும் மின்பூட்டுகள் வசதிதான். ஆனால் அவற்றை நம் மழையில் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தவர்கள் என்னைச் சுற்றி மிகக் குறைவு, அதனால் இப்போதைக்கு நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். அலாரம், கண்காணிப்புக் கருவி எல்லாம் பூட்டுக்கு மேல் சேர்க்கலாம், பூட்டுக்குப் பதிலாக வைக்க முடியாது. செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: பின்கதவைச் சுவரோரம் ஒட்டி நிறுத்துவது. இரவில் கதவு ஒரு கை அளவுக்குமேல் திறக்க இடம் இருக்கக் கூடாது.

வேன் வாடகைக்கு எடுத்ததா என்பதையும் கணக்கில் வையுங்கள். நாதாங்கிக்குப் போட்ட துளைகளை அடைத்துப் பெயிண்ட் அடித்துத்தான் வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியும், அந்தச் செலவு பூட்டின் விலையைத் தாண்டிவிடும். கேம் லாக்கில் புதுத் துளையே இல்லை. கழற்றிய பழைய பூட்டுகளை நட், நாக்கு, சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தக் கதவுடையது என்று மேலே எழுதி வைத்தால், ஒப்படைக்கும் நாளில் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம், உங்கள் டிஸ்க் பூட்டுகள் அடுத்த வண்டிக்குப் போகும்.