பழைய பென்ஸ் டீசல்: பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

பழைய பென்ஸ் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. எங்கேயாவது ஒரு இ கிளாஸ், புதிய சின்னக் கார் விலைக்கும் கீழே விற்பனைக்கு வந்திருக்கும். போட்டோவில் நட்சத்திரம் பளபளக்கும். ஆசை வந்துவிடும். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வருஷ வண்டிங்க?" என்பதுதான். பெயர் எல்லா வருடமும் ஒன்றாகவே இருந்தது. வண்டியில் போட்ட வேலை எல்லா வருடமும் ஒரே தரத்தில் இருக்கவில்லை. இந்தக் கம்பெனியின் நல்ல பெயரையும் கெட்ட பெயரையும் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என்னுடையது 1996 மாடல் இ 250 டீசல். கம்பெனிக்குள் இந்த மாடலுக்கு டபிள்யூ 124 என்று பெயர். ஐந்து சிலிண்டர், இரண்டரை லிட்டர், டர்போ கிடையாது, மேனுவல் கியர். புனேயில் அசெம்பிள் ஆனது. பத்து வருடத்துக்கு மேலாகக் கோயம்புத்தூரில் என்னிடம் இருக்கிறது. ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் வண்டி இல்லை இது. கடைக்கும் ஊருக்கும் கல்யாணத்துக்கும் இதில்தான் போகிறோம்.

புனேக்கு இந்தக் கார் வந்த கதை கொஞ்சம் பழையது. 1954இல் டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) பென்ஸ் கார் கம்பெனியான டைம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டு 1969 வரை நீடித்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'பென்ஸ் லாரி' என்று சொல்வது அந்தக் காலத்து வண்டியைத்தான். பணக்கார வீட்டு போர்ட்டிகோவுக்கு முன்பே லாரிப் பட்டறைக்கு இந்த நட்சத்திரம் பழக்கம். 1994இல் மறுபடி டெல்கோவுடன் கூட்டுச் சேர்ந்து கார் தயாரிக்க வந்த கம்பெனி, அடுத்த வருடம் டெல்கோவின் புனே ஆலையிலேயே கார் அசெம்பிள் செய்யத் தொடங்கியது. முதலில் வந்தது இந்த 124தான். ஆனால் அதே 1995இல் ஜெர்மனியில் இதற்கு அடுத்த மாடலான டபிள்யூ 210 விற்பனைக்கு வந்துவிட்டது. அங்கே ஓய்ந்துபோன மாடலை இங்கே தள்ளிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. இத்தனை வருடம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், நமக்குக் கிடைத்ததுதான் நல்ல மாடல். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலில் ஓட்டும் அனுபவம். சாவியைத் திருப்பினால் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் நன்றாகவே கேட்கும். சத்தத்தைக் குறைத்த காமன் ரெயில் என்ற புது டீசல் முறை வருவதற்கு முந்தைய எஞ்சின், தெருவுக்கே தெரியும் நாம் கிளம்புவது. சூடானதும் அந்தச் சத்தம் அடங்கி ஒரே சீராக ஓடும். ஐந்து சிலிண்டர் என்பதால் ஒரு தனித் தாளம் இருக்கிறது. பழகிவிட்டால் வேறு டீசல் காதுக்குப் பிடிக்காது. வேகம் வேண்டுபவர்களுக்கு இது ஆகாது. கல்லாறு தாண்டி பர்லியாறு ஏற்றத்தில் பின்னால் வரும் புது வண்டிகளுக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். அவினாசி ரோட்டில் நூறில் நிறுத்தி வைத்தால் சேலம் வரைக்கும் அலுப்பே தெரியாது. நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கொடுக்கிறது.

ஸ்டியரிங் பழைய ரகம், ரீசர்குலேட்டிங் பால். நடுவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு வசதி: முன்சக்கரம் மடங்குகிற மடக்கு. இவ்வளவு நீளமான காரை கோத்தகிரி ஊசி வளைவில் ஒரே திருப்பாகத் திருப்பிவிடலாம். பின்பக்க சஸ்பென்ஷனில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து இணைப்புக் கம்பிகள். 1982இல் வந்த சின்ன 190 மாடலில் முதலில் கொண்டுவந்து, அப்புறம் இதில் போட்டார்கள். நம் ஊர் வேகத்தடையில் கொஞ்சம் அசந்து ஏறினாலும் இடுப்பு பிடிக்காது. அம்மாவுக்கு முதுகுவலி உண்டு, இந்தக் காரின் பின் சீட்டில் மட்டும் ராமேஸ்வரம் வரை புகார் சொல்லாமல் வருவார்.

மழையில் இந்தக் காரைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு ஒரே வைப்பர். அது வெறுமனே அரைவட்டம் அடிக்காது. மேல் மூலைக்குப் போகும்போது கை நீளும், நடுவுக்கு வரும்போது உள்ளிழுத்துக்கொள்ளும், மறுபடி அடுத்த மூலைக்கு நீளும். அடியில் ஒரு பல்சக்கர அமைப்பு இதைச் செய்கிறது. கண்ணாடியில் 86 சதவீதம் துடைபடும் என்பது கம்பெனிக் கணக்கு. ஒரு வைப்பரை மிச்சம் பிடிக்கச் செய்ததாகத் தோன்றும். உண்மையில் இரண்டு சாதாரண வைப்பர் போடுவதைவிட இதில்தான் செலவும் யோசனையும் அதிகம். 1984இல் இந்த மாடல் வெளிவந்தபோது வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் புரூனோ சாக்கோ. வெளித்தோற்றம் சாதுவாக இருக்கும், உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும்.

பராமரிப்புக்கு வருகிறேன், எல்லோரும் பயப்படும் இடம் அதுதான். பானெட்டை வழக்கம்போலத் திறந்துவிட்டு, கீலில் இருக்கும் ஒரு நெம்பை அழுத்தினால் அது அப்படியே செங்குத்தாக நிற்கும். மெக்கானிக் மூன்று பக்கமும் நின்று வேலை செய்யலாம். ஆயில் ஃபில்டர் மேலிருந்தே கைக்கு எட்டும். டைமிங்குக்குப் பெல்ட் கிடையாது, செயின். எங்கள் மெக்கானிக் அண்ணன் வாழ்நாளெல்லாம் அம்பாசடரும் டாடாவும் பார்த்தவர். இதை முதல் முறை பிரித்தபோது, "கழட்டறவனை நெனச்சுப் பண்ணியிருக்கானுங்க சார்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு இந்தக் காருக்கு இல்லை.

வயதான காரில் தேய்வது ரப்பர்தான். எஞ்சின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் வட்டமான ரப்பர் கப்ளிங் எல்லாவற்றையும் முறைவைத்து மாற்ற வேண்டும். ஒரு வருடம் ஒதுக்கி அடிப்பக்கம் மொத்தத்தையும் புதுசாக்கிவிட்டால் அப்புறம் பல வருடம் கவலை இல்லை. உதிரிபாகம் கிடைக்குமா என்றால், கிடைக்கிறது. லெம்ஃபோர்டர், சாக்ஸ், போஷ் என்று அன்றைக்கு ஆலைக்குக் கொடுத்தவர்களின் பொருளே இன்னும் கடையில் வாங்கலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், பட்டன், கைப்பிடி மாதிரி சின்னச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைய வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்ததும் பில்லை ஏற்றும் ஒர்க்‌ஷாப்களும் இருக்கின்றன. ஒரு இடத்தில் ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் அண்ணன் டை ராட் எண்டுகளும் டாம்பரும் மாற்றி, பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைத் துளி திருப்பி முடித்தார். நல்ல மெக்கானிக் கிடைக்காமல் இந்தக் காரை வாங்கவே கூடாது.

கழற்றி மாட்டுவதில் இவர்களுக்கு இருந்த அக்கறை அந்த வம்சத்திலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றும். கார்ல் பென்ஸ் மூன்று சக்கர வண்டிக்குப் பேட்டண்ட் கேட்டது 1886 ஜனவரி 29. அதை உலகத்துக்குக் காட்டியவர் அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிறந்த ஊரான ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். உலகின் முதல் நீண்ட தூரப் பயன்பாட்டு அறிக்கை அதுதான். அவர் சொன்ன குறைகளைக் கேட்டு வண்டியைத் திருத்தவும் செய்தார்கள்.

டீசல் காரிலும் இவர்கள் முன்னோடிகள். 1936இல் 260 டி வந்தது. வாங்கியவர்களில் டாக்சிக்காரர்கள் நிறையப் பேர். 'பென்ஸ் டீசல் சாகாது' என்ற பேச்சு டாக்சி ஸ்டாண்டில் பிறந்தது. கிரீஸில் கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ் என்ற டாக்சி ஓட்டுநர் தன் 240 டீசலை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்தார். எஞ்சின் மாற்றி மாற்றித்தான் அந்தத் தூரம் ஓடியது. ஆனாலும் அந்த உடம்பு அதுவரை தாங்கியதே, அது பெரிய விஷயம்.

பாதுகாப்பில் இவர்களுக்குக் கடன்பட்டிருப்பது பென்ஸ் ஓட்டுபவர்கள் மட்டும் இல்லை. மோதினால் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் நடுப்பகுதி நசுங்கக் கூடாது. பேலா பாரென்யி என்ற பொறியாளரின் யோசனை இது. 1951இல் பேட்டண்ட் கேட்டார், 1959இல் பெரிய மாடலில் வந்தது. 1978இல் போஷுடன் சேர்ந்து எஸ் கிளாஸில் ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏற்பாடு. இன்று நம் ஊர் சாதாரணக் கார் ஒவ்வொன்றிலும் இதெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

இதே கம்பெனியின் கணக்கில் மறக்கக் கூடாத இருட்டும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜி அரசுக்காக உற்பத்தி செய்தார்கள். 1944இல் இவர்களிடம் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். கம்பெனியே பின்னர் தன் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறது. பெர்த்தா கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

நான் முதலில் சொன்ன வருடக் கணக்கு தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் பொறியாளர்கள் காரை முடித்துவிட்டு விலை சொன்னார்கள். பிறகு விலையை முதலில் வைத்துக் காரைச் செய்ய ஆரம்பித்தார்கள். டபிள்யூ 210 துருப்பிடிப்பதற்குப் பேர் போனது. 1997இல் புது ஏ கிளாஸ் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையின் சோதனையில் கவிழ்ந்தது. டெலிவரியை நிறுத்தி, எல்லா ஏ கிளாஸிலும் ஈஎஸ்பி (வண்டி சறுக்கினால் தானே பிரேக் போட்டு நிலைப்படுத்தும் ஏற்பாடு) பொருத்திக் கொடுத்தார்கள். அந்த அடியால் சின்னக் கார்களுக்கும் ஈஎஸ்பி சீக்கிரம் வந்தது, அது மட்டும் நல்லதாக முடிந்தது. 1998இல் கிரைஸ்லருடன் இணைந்து 2007இல் பிரிந்தார்கள். நடுவில் 2005இல் 13 லட்சம் கார்களை ஒரே சமயத்தில் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கடைசியாக, சோதனையில் புகையைக் குறைத்துக் காட்டியதாக எழுந்த டீசல் புகை விவகாரம்: அமெரிக்காவில் அரசுக்கும் வாடிக்கையாளர்களுக்குமாக ஏறக்குறைய 220 கோடி டாலர் கொடுத்து 2020இல் முடித்துக்கொண்டார்கள். டீசலில் பேர் வாங்கிய கம்பெனிக்கு இது நடந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

124இலும் குறை இல்லாமல் இல்லை. 1993க்குப் பிறகு வந்த பெட்ரோல் எஞ்சின்களில் ஒயரிங்கின் மேலுறை சில வருடத்தில் பொடிந்து உதிரும். அந்த ஒயரிங் மாற்றப்பட்ட வண்டியா என்று கேட்காமல் இ 220 பக்கம் போகாதீர்கள். ஏசி எவாபரேட்டர் ஒழுகினால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், கூலியே பெரிய தொகை. பதினைந்து வருடம் தாண்டிய கார் என்பதால் எஃப்சி, பசுமை வரி எல்லாம் உண்டு. புகையும் இன்றைய டீசல்களைவிட அதிகம், அதை மறைத்துப் பேச முடியாது. டெல்லிப் பக்கம் குடிபோகும் எண்ணம் இருந்தால் பழைய டீசலை மறந்துவிடுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் வேண்டும் என்பவர்களுக்கு: ஓடிய கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம், பில் புத்தகத்தைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின் சக்கர வளைவு, பேட்டரிக்கு அடித்தட்டு மூன்றிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாவி போட்டால் நான்கு கதவும் டிக்கியும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். அது காற்று உறிஞ்சும் குழாயில் இயங்குவது, ஒரு கதவு மட்டும் மெதுவாகப் பூட்டினால் எங்கோ குழாய் கசிகிறது. டீசலாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், நாளைக்குக் காலையில் வருகிறேன், நான் வரும்வரை தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.