பிறந்த அன்றே பிரிப்பதா, பால் மறக்கும்வரை சேர்த்து வைப்பதா?

கன்று போட்டு எழுந்ததும் பசு முதலில் செய்கிற வேலை நக்குவது. மூக்கை மூடியிருக்கும் சளியில் தொடங்கி உடம்பு முழுக்க ஈரம் காயும்வரை நக்கும். நடுநடுவே வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் ஒரு சன்னக் குரல் கொடுக்கும். பெரிய பால் பண்ணைகளில் இந்தக் காட்சி பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கன்றைத் தூக்கித் தனி அடைப்பில் விட்டு, புட்டியிலோ வாளியிலோ பால் காட்டுவார்கள்.

இதைத் திட்டுவது சுலபம். ஆனால் பண்ணைக்காரர்கள் சொல்லும் காரணங்கள் வெறும் சாக்கு அல்ல. மாட்டினத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது. சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் திறன் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுபோகும். தாயிடம் விட்டால் எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. மடி தொங்கிய பசுவென்றால் கன்று காம்பைத் தேடியே களைத்துவிடும். புட்டியில் கொடுத்தால் 3, 4 லிட்டர் உள்ளே போனது கண்ணுக்குத் தெரியும். அப்புறம், பழகவிடாமல் உடனே பிரித்தால் தாயும் கன்றும் அதிகம் கத்துவதில்லை. சில நாள் சேர்ந்திருந்த பிறகு பிரித்தால் நாள்கணக்கில் கத்தும். இதுவும் உண்மைதான்.

சரி, முதல் நாள் அப்படிப் போகட்டும். அடுத்த எட்டு வாரம்? தாயோடு இருக்கும் கன்று பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, சில வாரங்களில் நாளுக்கு 10 லிட்டரைத் தொட்டுவிடும். வாளிக் கன்றுக்குப் பல பண்ணைகளில் கிடைப்பது இரண்டு வேளையும் சேர்த்து 4 முதல் 6 லிட்டர். வாளி காலியானதும் விரலை நீட்டிப் பாருங்கள். சொரசொரப்பான நாக்கால் சுற்றி இழுத்து, விடாமல் சப்பும். பக்கத்தில் இன்னொரு கன்று நின்றால் அதன் காதும் தொப்புளும் மாட்டிக்கொள்ளும். வாளியில் பால் அளவைக் கூட்டினால் பசி தீரலாம், ஆனால் சப்பும் ஆசைக்குக் காம்பு வேண்டும்.

நோய்க்குப் பயந்துதான் பிரிக்கிறோம் என்ற வாதம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று, உடனே பிரிப்பதால் உடல்நலம் கூடுகிறது என்பதற்கு ஒருமித்த சான்று இல்லை என்றது. கன்று ஊட்டுவதால் பசுவுக்கு மடிநோய் குறைவதாகச் சொன்ன ஆய்வுகளும் அதில் இருந்தன. மாட்டின் குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோய் புகுந்த மந்தை என்றால் கதை வேறு. சாணத்தாலும் பாலாலும் பரவுவதால் அங்கே பிரிக்க நியாயம் இருக்கிறது.

எதிர்முனையில், நாள் முழுக்கத் தாயும் கன்றும் ஒன்றாக இருக்கும் முறை. கன்று நன்றாகக் கொழுக்கும், பார்க்கவும் அழகு. சிக்கல் கறக்கும் இடத்தில். கன்றுக்குப் பழகிய பசு இயந்திரத்துக்குப் பாலை அடக்கும். மடியிலிருந்து பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சரியாக வராததால் மேல்பால் மட்டும் இறங்கும், கொழுப்பு நிறைந்த கடைசிப் பால் மடியிலேயே தங்கிவிடும். விற்பனைக்குப் போகிற பால் அளவிலும் குறையும், தரத்திலும் இளைக்கும். பால் குடித்தே வளர்ந்த கன்று தீவனத்தைச் சீண்டாததால், திடீரென்று பிரித்தால் எடையும் சரியும்.

என்னைக் கேட்டால், நடுவழியான அரைநாள் முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பகலில் சேர்ந்திருக்கும், இரவில் கன்று தனியே. காலையில் கறந்துவிட்டுத்தான் கன்றை அவிழ்ப்பது. பால் கொஞ்சம் குறையும், ஆனால் முழுநாள் முறை அளவுக்கு இல்லை. இரவில் தாய் பக்கத்தில் இல்லாததால் கன்று தீவனத்தை முகர்ந்து பார்க்கத் தொடங்கும். பால் மறக்கடிப்பதையும் இரண்டு படியாகச் செய்யலாம். முதலில் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு மாட்டுவார்கள். புல் மேயலாம், தண்ணீர் குடிக்கலாம், காம்பைப் பிடிக்க மட்டும் முடியாது. தாய் பக்கத்திலேயே இருக்கும். சில நாள் கழித்துப் பிரித்தால் கத்தலும் அலைச்சலும் வெகுவாகக் குறைகின்றன. ஒரே பசுவிடம் இரண்டு மூன்று கன்றுகளை விடும் வளர்ப்புத்தாய் முறையும் உண்டு. கன்றுகளுக்கு நல்லது, பெற்ற பசுவுக்கு அதில் ஒன்றுமில்லை.

சட்டம் எந்தப் பக்கம்? கன்றுகளுக்கென்றே விதி எழுதிய ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 2008/119 உத்தரவுப்படி, பிறந்த 6 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். 8 வாரத்துக்கு மேல் தனி அடைப்பு கூடாது. அதற்கு முன்பும் அடைப்பின் சுவரில் இடைவெளி வேண்டும், கன்றுகள் ஒன்றையொன்று பார்க்கவும் தொடவும் முடிய வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் இந்த அடைப்பு விதியில் தாய் தலைகாட்டுவது விலக்குப் பட்டியலில்: ஆறு கன்றுக்குக் குறைவான பண்ணைக்கும், தாயிடம் பால் குடிக்கும் கன்றுக்கும் இது பொருந்தாது. கன்றோடு இருக்கும் பசுவைக் ‘கற்றா’ என்று ஒரே சொல்லில் சொல்லிவைத்த மொழிக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் தெரியும். அங்கே கறவைப் பசுவுக்கென்று தனி உத்தரவும் கிடையாது. ஸ்வீடன் மட்டும் 1988-லேயே, கோடையில் பசுக்கள் வெளியே மேய வேண்டும் என்று சட்டம் போட்டது. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குறைந்தது ஒரு நாளாவது கன்றைத் தாயோடு விடுங்கள், முடிந்தால் அதற்கு மேலும் விடுங்கள் என்று பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரையை மீறினால் தண்டனை இல்லையே.

காளைக் கன்றின் பாடு இந்த எல்லா முறையிலும் தொங்கலில்தான். பால் தராத கன்றுக்கு யார் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தினால் பத்தில் ஒன்பது கிடேரியாகப் பிறக்கும். மீதி ஒன்றுக்கும் அந்த 6 மணி நேர விதி உண்டு. ஆனால் நடு இரவில் கொட்டிலில் அது பிறக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கப் போவது பண்ணைக்காரர் ஒருவர்தான்.