காமிக்ஸா, படமா, சீரிஸா? வாட்ச்மென் முதல் இன்வின்சிபிள் வரை

ஒரு காமிக்ஸ் படமாகவோ சீரிஸாகவோ வந்தால் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புத்தகத்துல இருக்கற மாதிரியே எடுத்திருக்காங்களா?" என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்து நல்லதையும் மட்டத்தையும் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டம் கட்டமாக அப்படியே எடுத்துவிட்டும் சொதப்பலாம். கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டும் ஜெயிக்கலாம். அந்த வடிவத்தால் மட்டுமே முடிகிற ஒன்றைச் செய்திருக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க வாட்ச்மென், ஸ்காட் பில்கிரிம், இன்வின்சிபிள் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பாய்லர் தாராளமாக வரும். வேண்டாம் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

வாட்ச்மென்தான் இதில் பெரிய பஞ்சாயத்து. ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87ல் 12 இதழ்களாக வந்த கதை. பெரும்பாலான பக்கங்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். புரட்டிப் பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் தெரியாது. ஆனால் நான்காவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விபத்தொன்றில் கடவுளுக்கு நிகரான சக்தி பெற்ற டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய் கிரகத்தில் தனியாக இருக்கிறார். கையில் ஒரு பழைய போட்டோ. 1959ல் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எடுத்தது. பக்கத்துக் கட்டத்திலேயே அந்தப் போட்டோ மணலில் கிடக்கிறது. பன்னிரண்டு வினாடி கழித்து நடக்கப்போவது அது. அடுத்து மறுபடி கையில் இருக்கிறது. அதற்கடுத்து, இருபத்தேழு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பாழடைந்த பாரில் சட்டத்துக்குள் இருக்கிறது. நேற்று, இன்று, நாளை எல்லாமே அந்த மனிதருக்கு ஒரே சமயத்தில் நடப்பவை.

பக்கத்தைக் கையில் பிடித்திருக்கும் நமக்கும் ஒன்பது கட்டமும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. அதாவது மன்ஹாட்டன் காலத்தைப் பார்க்கும் விதமும் நாம் காமிக்ஸ் பக்கத்தைப் பார்க்கும் விதமும் ஒன்றுதான். ஐந்தாவது அத்தியாயம் இன்னும் அழிச்சாட்டியம். நடுப்பக்கத்தில் கண்ணாடி வைத்ததுபோல, முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தோடு பொருந்தும், இரண்டாவது அதற்கு முந்தையதோடு பொருந்தும். தயவுசெய்து இதை ஃபோனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் படிக்காதீர்கள். பக்கத்தின் அமைப்பு கண்ணிலேயே படாது.

படம் 2009, ஸாக் ஸ்னைடர். தியேட்டரில் வந்தது 162 நிமிடம். அப்புறம் 186 நிமிட டைரக்டர்ஸ் கட், புத்தகத்துக்குள் இடையிடையே வரும் கடற்கொள்ளையர் கதையையும் கோத்து 215 நிமிடத்தில் இன்னொன்று. மூன்றில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் நடுவில் இருப்பதைச் சொல்வேன். இதில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம் டைட்டில் காட்சி. பாப் டிலன் பாட்டு ஓட ஓட, முகமூடி வீரர்களின் பல வருட வரலாறு, கிட்டத்தட்ட அசையாத படங்களாக நகர்ந்து போகும். புத்தகத்தில் இந்த வடிவில் இது கிடையாது. படத்தின் மிகச் சிறந்த சில நிமிடங்கள், இயக்குநர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்த நிமிடங்கள்தான்.

அதே ஆள் செவ்வாய்க் காட்சிக்கு வரும்போது புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறார். பிலிப் கிளாஸின் இசை, பில்லி க்ரூடப்பின் சன்னமான குரல், எல்லாம் அழகு. ஆனால் 'எல்லாம் ஒரே நேரத்தில்' என்று குரல் சொல்லிக்கொண்டிருக்க, காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. சாதாரண ஃப்ளாஷ்பேக்காகத்தான் மனதில் பதிகிறது.

புத்தகத்தின் முடிவில் நியூயார்க்கை அழிக்கும் ராட்சதக் கணவாயை (ஸ்க்விட்) எடுத்துவிட்டு, அழிவுக்கான பழியை மன்ஹாட்டன் தலையில் போட்ட கிளைமாக்ஸுக்காக இன்றுவரை ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கதைக்குள் இருக்கும் ஆளையே பயன்படுத்தியது ஒருவகையில் கச்சிதம்கூட. எரிச்சல் வேறு இடத்தில். புத்தகத்தில் சண்டை போடுகிறவர்கள் தொப்பை விழுந்த, வயது ஏறிய, கொஞ்சம் பரிதாபமான மனிதர்கள். படத்தில் அவர்களே ஸ்லோமோஷனில் எலும்பை முறித்து ஸ்டைல் காட்டுகிறார்கள். சூப்பர்ஹீரோக்களைக் கிண்டலடித்த கதை சூப்பர்ஹீரோ படமாகிவிட்டது. ஆலன் மூர் தன் பெயரே வேண்டாம் என்றுவிட்டதால் படத்தில் கிப்பன்ஸ் பெயர் மட்டும்தான் வரும்.

2019ல் ஹெச்பிஓ சீரிஸ். டேமன் லிண்டலாஃப் புத்தகத்தை மறுபடி எடுக்கவே இல்லை. 34 வருடம் கழித்து என்ன ஆனது என்று ஒன்பது எபிசோடில் புதுக் கதை சொன்னார். தொடக்கமே 1921ல் டல்சாவில் கறுப்பினத்தவர்மீது நடந்த படுகொலை. முகமூடி போடுகிறவனுக்கு ஏன் முகமூடி தேவைப்படுகிறது என்ற மூரின் கேள்வியை அமெரிக்காவின் நிறவெறி வரலாற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்திய துணிச்சல் அது.

எட்டாவது எபிசோட்தான் என் கட்சியின் சாட்சி. சைகோனில் ஒரு பார். மன்ஹாட்டன் சீரிஸின் நாயகி ஏஞ்சலாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, நமக்குள் காதல் வரும், பத்து வருடம் போகும், சோகத்தில் முடியும் என்கிறார். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். பேச்சு பாரில் நடந்துகொண்டிருக்க, நாம் பத்து வருடத்தையும் முன்னும் பின்னுமாகப் பார்க்கிறோம். ஒரு கட்டத்தில், 2019ல் நிற்கும் ஏஞ்சலா, 2009ல் தன் தாத்தாவோடு பேசிக்கொண்டிருக்கும் மன்ஹாட்டன் வழியாக ஒரு கேள்வியை அனுப்புகிறாள்: முதல் எபிசோடில் செத்த போலீஸ் அதிகாரியின் ரகசியம் உனக்கு எப்படித் தெரியும்? தாத்தாவுக்கு அதுவரை எதுவுமே தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். முதல் எபிசோடில் விழுந்த பிணத்துக்கான காரணம் எட்டாவதில் இப்படி வந்து விழுகிறது. வாரம் ஒன்றாக வெளியிட்டு, ஏன் ஏன் என்று காத்திருக்க வைத்ததால்தான் அந்த இடம் அப்படி அறைகிறது. காமிக்ஸ் பக்கத்தால் முடிந்ததைச் சீரிஸ் தன் சொந்த வழியில், காத்திருப்பை வைத்துச் செய்துவிட்டது. 2020ல் 11 எம்மி விருது வாங்கியதில் ஆச்சரியமில்லை. குறை இல்லாமலும் இல்லை. ஜெரமி அயன்ஸ் வரும் தனி டிராக் சிரிக்க வைத்தாலும் இழுவை. புத்தகம் படிக்காதவர்களுக்கு முதல் சில எபிசோட் திருவிழாவில் தொலைந்த பிள்ளை கதைதான்.

ஆக வாட்ச்மெனில் என் வரிசை: புத்தகம், சீரிஸ், ரொம்பப் பின்னால் படம்.

ஸ்காட் பில்கிரிமில் கணக்கு மாறுகிறது. ரமோனாவோடு சேர, அவளுடைய ஏழு முன்னாள் காதலர்களைச் சண்டையில் ஜெயிக்க வேண்டிய ஸ்காட்டின் கதை. பிரையன் லீ ஒமாலியின் ஆறு புத்தகங்கள் 2004ல் தொடங்கி 2010 ஜூலையில் முடிந்தன. எட்கர் ரைட்டின் படம் அதற்கடுத்த மாதமே தியேட்டரில். அதாவது கதை முடியாமல் இருக்கும்போதே படம் எடுத்தாக வேண்டிய நிலை. முதலில் எடுத்த முடிவில் ஸ்காட் தன் பழைய காதலி நைவ்ஸோடு சேர்கிறான், பிறகுதான் அது ரமோனா என்று மாறியது. இருந்தும் படம் ஜம்மென்று நிற்கிறது. அடி விழும் சத்தம் எழுத்தாகத் திரையில் தெறிப்பதும், தோற்ற வில்லன் சில்லறைக் காசாகச் சிதறுவதும், சட்டென்று மாறும் காட்சிகளும் தாளம் தப்பாத எடிட்டிங்கும் சேர்ந்து, காமிக்ஸை இசையாக வாசித்ததுபோல இருக்கும். வசூலில் குப்புற விழுந்த படம், பிற்பாடு ஒரு கூட்டமே கொண்டாடுகிற படமாகிவிட்டது. ஏழு முன்னாள் காதலர்களை 112 நிமிடத்தில் அடக்கியதில் இரட்டையர்கள் வந்த வேகத்தில் காணாமல் போனதும், ரமோனா கிட்டத்தட்டப் பரிசுக்கோப்பையாகச் சுருங்கியதும் மட்டும்தான் குறை.

அந்தக் கடனைத்தான் 2023ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அனிமே அடைக்கிறது. எட்டு எபிசோட், படத்தில் நடித்தவர்களே குரல். முதல் எபிசோட் முடியும்போது, முதல் சண்டையிலேயே ஸ்காட் காலி! மீதிக் கதை ரமோனா துப்பறிவது. தன் கதையையே கிழித்துத் தைத்திருக்கிறார் ஒமாலி. ஆனால் படமோ புத்தகமோ தெரியாதவருக்கு இந்தக் குறும்பு புரியவே புரியாது. அதனால் இங்கே முதலில் படம், பிறகு அனிமே. புத்தகம் உங்கள் இஷ்டம்.

இன்வின்சிபிளுக்குப் படம் இல்லை, போட்டி இரண்டு பேருக்குள்தான். ராபர்ட் கிர்க்மனின் காமிக்ஸ் 2003 முதல் 2018 வரை 144 இதழ். 2021ல் பிரைம் வீடியோ சீரிஸ். இது புத்தகத்தை ஓரளவு அப்படியே பின்பற்றுகிறது. பிறகு எப்படி ஜெயித்தது? ஒரு காட்சியை இடம் மாற்றியதால். நாயகனின் அப்பாவான சூப்பர்ஹீரோ ஆம்னி-மேன் சக வீரர்களைக் கொன்று குவிப்பது காமிக்ஸில் ஏழாவது இதழில்தான் வரும். சீரிஸில் முதல் எபிசோட் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் வந்துவிடுகிறது. காமிக்ஸ் படித்தவருக்கு அது அதிர்ச்சி. சீரிஸ் பார்ப்பவருக்கோ, அவர் மனைவி டெபி எப்போது கண்டுபிடிப்பாள் என்ற பதைப்பு சீசன் முழுக்க நீள்கிறது. அப்பா மகனைப் பிடித்து ஓடும் ரயிலுக்கு எதிரே நிறுத்தும் அந்தக் கொடூரமும் சீரிஸ் சேர்த்ததுதான்.

பேச்சுக் காட்சிகளில் உருவங்கள் மரப்பாச்சி மாதிரி நிற்பது உண்மைதான். இரண்டாவது சீசனில் அதை அவர்களே கிண்டலடித்துக்கொண்டார்கள். ஆனால் முதல் சீசன் 2021 ஏப்ரலில் முடிந்து, அடுத்தது 2023 நவம்பரில் பாதி, 2024 மார்ச்சில் மீதி என்று இழுத்ததை எந்தக் கிண்டலும் ஈடுகட்டாது. வாட்ச்மெனில் ஒரு வாரக் காத்திருப்பு கதைக்கு உரமானது. இரண்டரை வருடக் காத்திருப்பில் பாதிப் பாத்திரங்களின் பெயரே மறந்துபோகிறது. எனவே முதல் சீசனைத் திரையில் பாருங்கள். அந்த ரயில் காட்சிக்குப் பிறகும் பொறுமை இல்லையென்றால் பதிமூன்றாவது இதழிலிருந்து காமிக்ஸுக்குத் தாவிவிடுங்கள். அதில் கதை எப்போதோ முடிந்தாயிற்று.